எலும்பு முறிவதும் தலைவிதியா?

நமது நாட்டில் அறுபது எழுபது வயதான ஒரு அம்மாள் முற்றத்தில் கால் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடந்தால், பார்க்க வருகிறவர்கள் என்ன சொல்லுகிறார்கள் என்பதை நமது வாசகர்கள் எல்லோரும் கேட்டிருப்பார்கள். "வயதாகிவிட்டது, வேளை வந்துவிட்டது" என்பார் ஒருவர். "சனி பார்வை சரியில்லை" என்பார் மற்றொருவர். "போன ஜன்மத்தில் யார் காலை ஒடித்தாளோ" என்று அந்த அம்மாள் காதில் விழும்படியாகவே சொல்லிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. பிறகு ஜோசியருக்குக் கொஞ்சம், கோயில் உண்டியலில் போட வெள்ளியில் தட்டிய கால் ஒன்றுக்குக் கொஞ்சம், கட்டுப் போடுகிறவருக்குக் கொஞ்சம் என்று பணத்தைச் செலவழித்துவிட்டு, கடைசியில் எல்லாம் அவள் தலையெழுத்து என்று முடித்துவிடுகிறார்கள். இதில் யாருக்கும் எவ்விதப் பொறுப்பும் இல்லை. யோசிக்க வேண்டிய சிரமமும் இல்லை.

நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்லுகின்றோம். அந்த அம்மாளுக்கு வயது அறுபத்து நான்கு. ஒரு கல்யாண வீட்டில் இரண்டு நாள் நின்று வேலை செய்துவிட்டு வந்தார். மறுநாள் வலது பாதத்தின் மேற்புறம் வீங்கி வலித்தது. அவர் எங்கும் விழவில்லை, இடித்துக் கொள்ளவுமில்லை. ஆகவே வீட்டார் சுளுக்கு என்று முடிவு செய்து, சுளுக்கு எடுப்பவரைக் கூட்டி வந்து எண்ணெய் போட்டு உருவிவிட்டார்கள். புளியும் உப்பும் காய்ச்சிப் பற்றுப் போட்டார்கள். ஒரு மாதம் நொண்டிக் கொண்டே வீட்டு வேலை முழுவதையும் செய்தார். ஒரு நாள் இரவு எழுந்து போகும்போது, வலிக்கிற காலில் பாரம் வைக்காமல் இருக்க மறு காலைச் சாய்த்து ஊன்றினார், விழுந்தார், இடுப்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தபோதுதான், சுளுக்கு என்று உருவிவிட்ட பாதத்திலும் எலும்பு முறிந்து பாதி கூடியிருந்தது தெரிய வந்தது. "அம்மா, நீங்கள் முன்னைவிடக் குள்ளமாகிவிட்டீர்களா?" என்று டாக்டர் கேட்டார். முன்பெல்லாம் கைக்கு எட்டிய பரண் மூன்று நான்கு வருஷங்களாக எட்டவில்லை என்று அவர் சொன்னார். அதாவது முதுகெலும்பும் அதற்கு முன்பே நசுங்கிப் போயிருந்தது. முதுகு ஒரு தடவை சொல்லிற்று, பாதம் ஒரு தடவை சொல்லிற்று. வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. மூன்றாவது தடவை இடுப்பு சொல்லிற்று. எட்டாவது மாதம் அந்த அம்மாள் இறந்து போனார். அப்போதும் வேளை வந்துவிட்டது என்றுதான் சொன்னார்கள்.

இந்த "வேளை" என்பதைப் பற்றித்தான் நாம் இன்று எழுத முன்வந்தோம்.

இந்த வியாதிக்கு வைத்தியர்கள் ஆஸ்டியோபொரோசிஸ் என்று பெயர் சொல்லுகிறார்கள். தமிழில் எலும்புப் புரை நோய் என்று சொல்லலாம். ஜனங்கள் இதையும் மூட்டுத் தேய்வதையும் ஒன்றாக்கி, இரண்டையும் "தேய்மானம்" என்றே சொல்லிக் கொள்ளுகிறார்கள். அது தப்பு. மூட்டுத் தேய்ந்தால் வலிக்கும், நடக்கும்போதே தெரிந்துவிடும். இதுவோ முறிகிற நாள் வரையில் பெரும்பாலும் ஒரு வலியும் கொடுப்பதில்லை. கரையான் அரித்த உத்தரம் வெளியில் பார்த்தால் வழுவழுப்பாகத்தான் இருக்கும். ஒரு நாள் ஓட்டின் பாரம் தாங்காமல் இறங்கிவிடும். அன்று வந்து, "நேற்று வரையில் நன்றாக இருந்ததே" என்று சொல்லி என்ன பிரயோஜனம்?

எலும்பு என்பது கல்லைப் போல ஒரு தடவை செய்து வைத்துவிட்ட பொருள் அல்ல. அது உயிருள்ளது. ஒரு பக்கம் பழைய எலும்பை இடித்து எடுக்கிற அணுக்களும், மற்றொரு பக்கம் புதிய எலும்பைக் கட்டுகிற அணுக்களும் நமது உடம்பில் இரவு பகலாக வேலை செய்கின்றன. வளர்ந்த மனிதனின் எலும்பில் சுமார் பத்தில் ஒரு பங்கு ஒவ்வொரு வருஷமும் புதிதாகிறது. சிறு வயதில் இடிப்பதைவிடக் கட்டுவது அதிகம். முப்பது வயதுக்குள் எலும்பு தன் முழு அளவை அடைந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அந்தக் கையிருப்பை வைத்துக் கொண்டுதான் மீதி வாழ்நாளைக் கழிக்க வேண்டும். கொத்தனார் வராமல் இடிக்கிறவன் மாத்திரம் தினமும் வந்தால் வீடு என்ன ஆகும் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

இதில் பெண்களுக்கு மாத்திரம் ஒரு தனி நஷ்டம் இருக்கிறது. மாதவிடாய் நிற்கும்போது ஈஸ்ட்ரோஜன் என்கிற சுரப்பு குறைந்து போகிறது. இடிக்கிற வேலையை அடக்கி வைத்திருந்தது அந்தச் சுரப்புத்தான். அது போனதும் முதல் ஐந்து முதல் ஏழு வருஷங்களுக்குள் எலும்பின் கனத்தில் ஐந்தில் ஒரு பங்கு வரையிலும்கூடக் குறையலாம். இதை அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து வைத்தியரான புல்லர் ஆல்பிரைட் என்பவரும் அவரது கூட்டாளிகளும் 1941-ஆம் வருஷத்திலேயே எடுத்துக் காட்டிவிட்டார்கள். இன்று உலகத்தில் ஐம்பது வயதைத் தாண்டிய பெண்களில் மூன்றில் ஒருவருக்கும், ஆண்களில் ஐந்தில் ஒருவருக்கும் இந்த வியாதியால் எங்கேயாவது ஓர் எலும்பு முறிகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

விதிக்காரர்களை நாம் ஒன்று கேட்கின்றோம். பூர்வ ஜன்ம பாபம்தான் எலும்பை முறிக்கிறது என்றால், அந்தப் பாபம் பெண்களுக்கு மாத்திரம் ஏன் மாதவிடாய் நின்ற பிறகு கணக்குப் பார்த்துக் கொண்டு வருகிறது? சனி பார்வைதான் காரணமென்றால், உலகத்திலேயே இடுப்பெலும்பு முறிவு மிக அதிகமாக உள்ள டென்மார்க், நார்வே, ஸ்வீடன் தேசங்களில் ஏழரை நாட்டுச் சனி குடியேறிவிட்டதா? அங்கே ஜாதகம் எழுதுகிறவனும் இல்லை, எள் விளக்குப் போடுகிறவனும் இல்லை. அங்குள்ளவர்கள் நீண்ட காலம் உயிரோடு இருக்கிறார்கள். வருஷத்தில் பாதி நாள் வெயில் இல்லை. இன்னும் பரம்பரை முதலிய பல காரணங்களைத் தேடி அவர்கள் ஆராய்கிறார்கள். பால் நிறையக் குடிக்கிற தேசத்திலேயே இப்படியா என்று யோசித்து, மேலும் தேடுகிறார்கள். நாமோ காரணத்தைத் தேடுவதற்குப் பதிலாகப் பரிகாரத்தைத் தேடுகிறோம்.

நிற்க, "எங்கள் பாட்டிமார் கூழைக் குடித்துக் கொண்டு தொண்ணூறு வயது வரையில் கல்லுப்போல் இருந்தார்கள், இதெல்லாம் இந்தக் காலத்து வியாதி" என்று சிலர் பெருமை பேசுகிறார்கள். தொண்ணூறு வயது வரையில் இருந்த ஒரு பாட்டியை நினைவில் வைத்திருக்கிறவர்கள், முப்பது வயதில் பிரசவத்திலும் காலராவிலும் செத்துப் போன பத்துப் பாட்டிமாரை மறந்துவிடுகிறார்கள். 1947-இல் இந்தியாவில் பிறந்த ஒருவருக்குச் சராசரி ஆயுள் முப்பத்திரண்டு வயது அளவுதான். இன்று அது சுமார் எழுபது. எலும்பு முறிகிற வயது வரையில் அக்காலத்தில் இருந்தவர்களே கொஞ்சம். அவர்களிலும் கூன் விழுந்து கோலை ஊன்றி நடந்த கிழவிகள் எத்தனை பேர்! அந்தக் கூனில் ஒரு பாகம் முதுகெலும்பு ஒவ்வொன்றாக நசுங்கியதால் வந்தது என்பது நமக்குத் தெரியாது. கிழவி என்றால் கூன் இருக்கத்தான் வேண்டும் என்று எண்ணிக் கொண்டோம்.

அப்படியானால் மனிதன் செய்யக்கூடியது ஒன்றுமில்லையா என்றால், நிறைய இருக்கிறது. அதிலே முதலாவது, எழுபது வயதுக் கிழவியைப் பற்றியதல்ல, பன்னிரண்டு வயதுப் பெண்ணைப் பற்றியதாகும். ஒருவர் வாழ்நாளில் சேர்க்கும் எலும்பில் சுமார் கால் பங்கு, வளர்ச்சி உச்சத்தில் உள்ள இரண்டே வருஷங்களில் சேர்ந்துவிடுகிறது. பெண்களுக்கு அது சுமார் பதினொன்று முதல் பதினான்கு வயதுக்குள் வருகிறது. அந்தச் சமயத்தில் நாம் என்ன செய்கிறோம்? பெண் பெரியவளாகிவிட்டாள் என்று குச்சுக் கட்டி மூலையில் உட்கார வைத்து, பந்தல் போட்டு, ஊரைக் கூட்டி, கடன் வாங்கி மஞ்சள் நீராட்டுகிறோம். குச்சில் இருக்கும் சில நாள்களால் எலும்பு கெட்டுவிடாது. அதற்குப் பிறகுதான் கேடு ஆரம்பமாகிறது. "இனிமேல் ஓடாதே, குதிக்காதே, தெருவில் விளையாடாதே, வாசலில் நிற்காதே" என்று உத்தரவு போடுகிறோம். எலும்பு பலப்படுவதற்கு வேண்டியது ஓட்டமும் குதியும் வெயிலும் நல்ல உணவும். சேர்க்க வேண்டிய நாளில் நான்கையும் குறைத்துவிட்டு, செலவழிகிற நாளில் கையிருப்பு இல்லை என்று தெய்வத்தை நொந்து கொண்டால் அதற்கு யார் ஜவாப்தாரி?

வெளிச்சத்தை மறைத்தால் எலும்பு என்ன பாடுபடும் என்பதற்கு நமது தேசத்திலேயே சாட்சி உண்டு. காஷ்மீரத்தில் வைத்தியம் பார்த்த கேத்லீன் வாகன் என்னும் பெண் டாக்டர் 1928-இல் பர்தா வழக்கத்தைப் பற்றி ஒரு புஸ்தகம் வெளியிட்டார். வெயில் படாமல் அறைக்குள் அடைபட்டிருந்த பெண்களுக்கு எலும்பு இளகி, இடுப்புக் கூடு கோணிச் சுருங்கி, பிரசவமே உயிருக்கு ஆபத்தாக முடிவதையும், வெளியில் வெயிலில் வேலை செய்கிற ஏழைப் பெண்கள் அந்தக் கஷ்டமில்லாமல் பிள்ளை பெறுவதையும் அவர் எடுத்துக் காட்டினார். எலும்பு இளகுவது வேறு வியாதி, எலும்பு புரையோடுவது வேறு வியாதி என்பது உண்மைதான். ஆனாலும் வெயிலால் தோலில் உண்டாகும் வைட்டமின் டி இல்லாவிட்டால் இரண்டுக்கும் கேடுதான். சாப்பிட்ட சுண்ணாம்புச் சத்தை உடம்பு ஏற்றுக் கொள்ளுவதற்கே அது வேண்டும். இன்று பர்தா இல்லாத வீடுகளிலும் சமையலறை என்று ஒரு பர்தா இருக்கிறதே, அதை யார் புஸ்தகம் எழுதிக் காட்டுவது?

உணவு விஷயமும் அப்படியே. உடம்பிலுள்ள சுண்ணாம்புச் சத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு எலும்பிலும் பல்லிலும்தான் இருக்கிறது. வளர்ந்தவர்களுக்குத் தினம் 1000 மில்லிகிராமும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1200 மில்லிகிராமும் வேண்டுமென்று 2020-இல் நமது தேசத்து உணவு ஆராய்ச்சிக்காரர்கள் அளவு சொல்லியிருக்கிறார்கள். தீட்டிய அரிசி நூறு கிராமில் இருப்பது பத்து மில்லிகிராம்கூட இல்லை. நூறு கிராம் கேழ்வரகிலோ சுமார் 350 இருக்கிறது. பால், தயிர், முருங்கைக் கீரை, எள், முள்ளோடு தின்கிற நெத்திலி ஆகிய எல்லாவற்றிலும் நிறைய இருக்கிறது. இவற்றிலுள்ளது முழுவதும் உடம்பில் சேராது என்றாலும், வெறுஞ்சோற்றை நம்பியிருப்பதைவிட எவ்வளவோ மேலானது. கௌரவம் என்று கேழ்வரகை விட்டு வெள்ளைச் சோற்றுக்கு மாறினோம். அந்தச் சோற்றிலும் குழம்பு, மீன், மோர் என்கிறவையெல்லாம் ஆண்பிள்ளைகள் இலையில் முடிந்த பிறகு, அடிச்சட்டியில் மிஞ்சியதை வீட்டுப் பெண்கள் தின்ன வேண்டும் என்பது நமது "குடும்பப் பண்பு". வாரத்தில் நாலு நாள் விரதம் வேறு. ஐம்பது வருஷம் இப்படித் தின்ற எலும்பு முறிந்தால், அது பிரம்மா எழுதிய எழுத்தா அல்லது நாம் பரிமாறிய சாப்பாடா?

இனி, பாதத்தின் விஷயத்துக்கு வருவோம். உடம்பிலுள்ள 206 எலும்புகளில் 52 எலும்புகள் இரண்டு பாதங்களில் இருக்கின்றன. அதாவது கால் பங்கு. உடம்பின் பாரம் முழுவதையும் தாங்குகிற இந்தச் சிறு எலும்புகள், புரையோடியிருந்தால், அடிபடாமலே நடப்பதனாலும் நிற்பதனாலும் கீறல் விட்டு முறியக்கூடும். பலமான எலும்புள்ள சிப்பாய்களுக்கே நீண்ட தூரம் நடந்தால் பாதம் வீங்கிவிடுவதை 1855-இல் பிரஷ்யா தேசத்துப் பட்டாளத்து வைத்தியர் ஒருவர் எழுதி வைத்தார். எக்ஸ்ரே வந்த பிறகுதான் அது எலும்பு முறிவு என்று தெரிந்தது. கிழவிக்கு அவ்வளவு தூரம் நடக்க வேண்டியதில்லை. கல்யாண வீட்டில் இரண்டு நாள் நின்றாலே போதும். இந்தக் கீறல் முதல் இரண்டு மூன்று வாரங்களுக்கு எக்ஸ்ரேயில் தெரியாமலும் இருக்கலாம். ஆகையால் வயதானவர்களுக்கு அடிபடாமல் பாதம் வீங்கி, பாரம் வைத்தால் வலித்து, படுத்தால் வலி அடங்குமானால், அதைச் சுளுக்கு என்று உருவவே கூடாது. பாரத்தை இறக்கி ஓய்வு கொடுத்து வைத்தியரிடம் காட்ட வேண்டும். வலி நிற்காவிட்டால் மறுபடியும் படம் எடுக்கச் சொல்ல வேண்டும். லேசான அடியில் ஒரு தரம் எலும்பு முறிந்தவருக்கு மறுபடி முறியும் அபாயம் சுமார் இரண்டு மடங்கு என்பதை மறக்கக் கூடாது.

பாதம் வலித்தால் நடை தடுமாறும். நடை தடுமாறினால் விழுவார்கள். புரையோடிய எலும்புள்ளவர் விழுந்தால் முறியும். இந்தச் சங்கிலியைப் பாதத்திலேயே அறுக்கலாம் என்பதற்கு ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்தில் சோதனை செய்து பார்த்து 2011-இல் முடிவு வெளியிட்டார்கள். பாத வலியுள்ள வயதானவர்களுக்குத் தக்க செருப்பும், செருப்புக்குள் வைக்கும் மெத்தையும், பாதத்துக்கும் கணுக்காலுக்கும் பயிற்சியும் கொடுத்ததில், விழுவது நூற்றுக்கு 36 பங்கு குறைந்தது. இதற்கு ஹோமம் வேண்டியிருக்கவில்லை. தேய்ந்து வழவழத்துப் போன ரப்பர் செருப்பை எறிந்துவிட்டு, குதிகாலைப் பிடித்து நிற்கிற, அடியில் பிடிப்புள்ள செருப்பு ஒன்று வாங்கிக் கொடுப்பதற்கு எவ்வளவு செலவாகும்? சர்க்கரை வியாதியால் பாதம் மரத்துப் போனவர்களை வெறுங்காலோடு கிரிவலம் சுற்றவும் பாதயாத்திரை போகவும் அனுப்புகிறவர்கள், அவர்களை எங்கே அனுப்புகிறார்கள் என்பதை யோசித்துப் பார்க்கட்டும். செருப்பு காலுக்கு வேண்டிய வைத்தியமாயிருக்க, இன்ன ஜாதியான் இன்ன தெருவில் செருப்பு மாட்டக் கூடாதென்று கட்டுப்பாடு வைத்த தேசம் இது. திருப்பூர் ஜில்லாவில் ஒரு கிராமத்தில் அப்படிப்பட்ட ஒரு தெருவில் ஆதிதிராவிட மக்கள் முதன்முதலாகச் செருப்போடு நடந்தது 2023 டிசம்பரில்தான் என்றால், நமது யோக்கியதையைப் பற்றி வேறென்ன சொல்ல வேண்டும்?

வந்துவிட்ட வியாதிக்கும் இன்று மருந்து இருக்கிறது. எலும்பின் கனத்தை அளந்து பார்க்க டெக்ஸா என்கிற சோதனை உண்டு. வலியில்லாமல் சில நிமிஷத்தில் முடிந்துவிடும். அலென்ட்ரோனேட் என்னும் மாத்திரை 1995 முதல் வழக்கத்தில் இருக்கிறது; இப்போது அதை வாரத்துக்கு ஒரு தரம் சாப்பிட்டால் போதும். முதுகெலும்பு முன்பே நசுங்கியிருந்த பெண்களில் இடுப்பு முறிவை அது பாதியாகக் குறைத்தது என்று 1996-இல் கண்டார்கள். வருஷத்துக்கு ஒரே தரம் நரம்பில் ஏற்றும் ஸோலெட்ரோனிக் ஆசிட் என்னும் மருந்து இடுப்பு முறிவை நூற்றுக்கு 41 பங்கு குறைத்தது என்று 2007-இல் வெளியாயிற்று. மாத்திரையை வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்கி, அரைமணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். பல நாள் சாப்பிட்டால் சிலருக்குத் தாடையிலும் தொடையெலும்பிலும் அபூர்வமாகக் கெடுதல் வருவதுண்டு. ஆகையால் வைத்தியர் சொல்லாமல் தொடங்கவும் கூடாது, பல வருஷம் கேட்காமல் சாப்பிடவும் கூடாது. விஞ்ஞானம் என்றால் அதன் குறையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தாயத்து விற்கிறவன்தான் குறையே இல்லை என்பான்.

தாயத்தைப் போலவே, சர்வ மூட்டு வலிக்கும் சஞ்சீவி என்று விற்கப்படுகிற பெயரில்லாத பொடிகளைப் பற்றியும் எச்சரிக்கின்றோம். இவற்றில் சிலவற்றில் ஸ்டீராய்டு மருந்து திருட்டுத்தனமாகக் கலந்திருப்பதைச் சோதனையில் கண்டுபிடித்திருக்கிறார்கள். அது இரண்டே நாளில் வலியை நிறுத்தும். மாதக் கணக்கில் தின்றால் எலும்பைக் கரைத்துவிடும். புகையிலையும் குடியும் எலும்புக்குச் சத்துரு என்பதை ஆண்மக்கள் கவனிக்க வேண்டும். சிறு வயதிலேயே கர்ப்பப்பையோடு சினைப்பையையும் எடுத்துவிட்ட பெண்களுக்கு எலும்பு நஷ்டம் முன்கூட்டியே தொடங்கிவிடுகிறது. அவர்கள் அவசியம் வைத்தியரைக் கேட்க வேண்டும். இடுப்பு முறிந்துவிட்டாலோ, எண்ணெய்க் கட்டுப் போட்டுப் படுக்க வைப்பது ஆளைக் கொல்லுவதற்குச் சமானம். இரண்டு நாளுக்குள் ஆப்பரேஷன் செய்து, கூடிய சீக்கிரம் எழுந்து நடக்கவைக்க வேண்டும். படுத்துவிட்டவருக்குப் படுக்கைப் புண்ணும் நெஞ்சில் சளியும் வரும். இடுப்பு முறிந்தவர்களில் சுமார் ஐந்தில் ஒருவர் ஒரு வருஷத்துக்குள் இறந்து போகிறார்கள் என்பது நல்ல வைத்திய வசதியுள்ள தேசங்களின் கணக்கு. கட்டுப் போட்டுக் கிடத்துகிற நாட்டின் கணக்கை வாசகர்களே ஊகித்துக் கொள்ளட்டும்.

ஆகவே தோழர்களே, நாம் கேட்டுக் கொள்ளுவது பெரிய தியாகம் ஒன்றுமில்லை. இன்று இரவு உங்கள் வீட்டில் யார் கடைசியாகச் சாப்பிடுகிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள் என்று பாருங்கள். உங்கள் பெண் பள்ளிக்கூடத்தில் ஓடுகிறாளா, அல்லது ஓடக் கூடாதென்று தடுத்து வைத்திருக்கிறீர்களா என்று யோசியுங்கள். மஞ்சள் நீராட்டுக்குப் பந்தல் போடுகிற பணத்தில் அவளுக்கு எத்தனை வருஷத்துப் பாலும் கேழ்வரகும் வாங்கலாமென்று கணக்குப் போடுங்கள். உங்கள் தாயாரின் செருப்பைத் திருப்பி அடிப்பாகத்தைப் பாருங்கள். முற்றத்துக் கல்லில் பாசி இருந்தால் சுரண்டுங்கள். இரவில் எழுந்து போகிற வழியில் ஒரு விளக்கு வையுங்கள். அவர் உயரம் குறைந்திருந்தாலோ, முதுகு கூனியிருந்தாலோ, பாதம் வீங்கியிருந்தாலோ, ஜாதகத்தை எடுக்காமல் அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.

இவ்வளவையும் செய்த பிறகும் யாராவது ஒருவருக்கு எலும்பு முறியலாம். முறியாது என்று நாம் வாக்குக் கொடுக்கவில்லை. ஆனால் இதில் ஒன்றையும் செய்யாமல் இருந்துவிட்டு, படுக்கையில் கிடக்கிற அம்மாளைப் பார்த்து உன் தலைவிதி என்று சொல்லுவதற்கு எந்த மகனுக்கும், எந்த ஜோசியனுக்கும் உரிமையில்லை என்பதே நமது அபிப்பிராயம்.